உலக நிதியத்தின் நிர்வாகக் குழுவில் உதவி பெறும் நாடுகளுக்கும் ஏன் ஓட்டு?

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக 2002-இல் தொடங்கப்பட்ட உலக நிதியத்தின் நிர்வாகக் குழுவில் ஓட்டுள்ள இடங்கள் 20. அவற்றில் பாதி இடங்கள், பணம் தருவோருக்கு. மறுபாதியில் வளரும் நாடுகளுக்கு ஏழு, தொண்டு நிறுவனங்களுக்கு இரண்டு, நோயால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஒன்று. ஒருமித்த முடிவு வராவிட்டால், இரு பக்கத்திலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சூட்சுமமே இதுதான்.

ஊர் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவருக்கு எத்தனை இலை விழும் என்று தெரியுமா? பந்தியில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். எந்த ஊரில் மாத்திரை தீர்ந்துபோகிறது என்பதும் அப்படித்தான்.

அப்புறம், இது உலக சுகாதார நிறுவனத்தின் கிளை அல்ல. அதற்கு இங்கே இருக்கை உண்டு, ஓட்டு கிடையாது.