துரைமார் கட்டிய வீட்டில் இரண்டு இரவு: வாசகர் கேள்வி, பயணப் பகுதியின் பதில்

பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துக் கட்டடங்களில் இயங்கும் ஹோட்டல்களில் தங்குவதைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறினை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறோம்.

கேள்வி: அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு அவர்களைப் பழைய காலத்து ஹோட்டல் ஒன்றில் தங்கவைக்க விரும்புகிறேன். ஊட்டிக்கு அழைத்துச் செல்லலாமா, இலங்கையின் நுவரெலியாவுக்கா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அறை எடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகி)

இரண்டு இரவுதான் என்றால் ஊட்டியே போதும். நான்கைந்து நாள் ஒதுக்க முடியுமானால் என் வாக்கு நுவரெலியாவுக்கு. ஊட்டி, கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820களில் கல் வீடு கட்டிக் குடியேறித் தொடங்கிவைத்த ஊர் என்றாலும், இன்று அது நெரிசல் மிகுந்த நகரம். பழைய ஊட்டியைப் பார்க்க வேண்டுமானால் ஹோட்டலின் மதிலுக்குள்ளேயே பெரும்பாலான நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். 1829ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் சவாய் ஹோட்டலில் கணப்பும் மரத்தரையும் கொண்ட தனித்தனிக் குடில்கள் இருக்கின்றன. மைசூர் மன்னர்களின் கோடை வாசஸ்தலமாயிருந்த ஃபெர்ன்ஹில் அரண்மனையும் ஹோட்டலாகியிருக்கிறது. நீலகிரிக்குச் செல்ல 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்துவிட்டதால், வண்டி கிளப்பும் முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

நுவரெலியாவில் கதை வேறு. இலங்கை ஆளுநராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் 1820களில் தமக்கென்று கட்டிக்கொண்ட மாளிகைதான் 1891இல் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. வாசலில் இறங்கி நின்றால் எதிரே கோல்ஃப் மைதானம், நடக்கும் தொலைவில் செங்கல் தபால் நிலையம், குதிரைப் பந்தயத் திடல் என்று ஊரே அந்தக் காலத்தின் அளவில் நின்றுபோயிருக்கிறது.

எந்த ஊரானாலும், இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: “எங்களுக்குத் தரப்போகும் அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது?” இதைக் கேட்காமல் போய் ஏமாந்தவர்களின் கடிதங்கள்தாம் எங்களுக்கு அதிகம் வருகின்றன. இந்த ஹோட்டல்கள் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. வியாபாரம் பெருகப் பெருகப் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் சேர்த்துக்கொண்டே போனவை. மும்பை தாஜ் ஹோட்டலில் 1903ஆம் ஆண்டின் அரண்மனைப் பகுதியும், எழுபதுகளில் எழுப்பிய அடுக்குமாடிக் கோபுரமும் ஒட்டி நிற்கின்றன. (அதைக் கட்டியவர் பிரிட்டிஷார் அல்லர், ஜாம்ஷெட்ஜி டாடா என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.) மலேசியாவின் பினாங்கில் சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலிலும் பழைய பகுதி, புதிய பகுதி என்ற பிரிவு உண்டு. இரண்டு பகுதிக்கும் வாசல் ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. ஆனால் புதிய பகுதியில் படுத்து எழுந்தவருக்குக் கிடைப்பது எந்த ஊரிலும் கிடைக்கும் ஓர் அறைதான்.

உங்கள் அப்பாவின் முழங்காலை நினைத்தால் இதற்கு நேர்மாறான யோசனையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பகுதி என்றால் உயர்ந்த படிகள், அங்கங்கே அரையடி ஏறி இறங்கும் தளம், சில இடங்களில் லிஃப்ட் இல்லாமை ஆகியவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். தரைத்தள அறை வேண்டும் என்று கேளுங்கள். குளியல்தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துக் குளிக்க வேண்டுமா, தனியாக ஷவர் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நாற்பதாண்டு கழித்துக் கொண்டாட வந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று ஆகிவிடக் கூடாது.

கேள்வி: நூறு ஆண்டுக் கட்டடம் என்று சொல்லிப் புதிய ஹோட்டலைவிட இரண்டு பங்கு வாடகை வாங்குகிறார்கள். “ஹெரிடேஜ்” என்று பலகை மாட்டியவை எல்லாம் உண்மையில் பழையவைதானா? (திருச்சி வாசகர்)

அல்ல. ஓடு வேய்ந்து, வாசலில் பழைய கிராமபோன் ஒன்றை வைத்தாலே அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளும் விடுதிகள் உண்டு. இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் “ஹெரிடேஜ்” தரச்சான்று வழங்குவதற்கு 1950ஆம் ஆண்டை எல்லையாக வைத்திருக்கிறது. கட்டடம் அதற்கு முன் எழுந்ததாக இருக்க வேண்டும், முகப்பையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. எனவே “அமைச்சகத்தின் சான்று இருக்கிறதா” என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் சான்று இருப்பதாலேயே நீங்கள் பார்க்கும் சுவர் அத்தனையும் விக்டோரியா ராணி காலத்தது ஆகிவிடாது. சென்னை கன்னிமாரா ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களின் பிற்பகுதியில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்த ஹோட்டல், 1930களில், அன்று புதுமையாயிருந்த ஆர்ட் டெக்கோ என்ற கட்டடப் பாணியில் மாற்றியமைக்கப்பட்டது. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கை பட்டது. 2018இல் மறுபடியும் புதுப்பித்துத் திறந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அதன் சுவையே அந்த அடுக்குகளில்தான் இருக்கிறது. எது எந்தக் காலத்தது என்று சொல்லத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தால், வாடகையில் கால் பங்கு அவருக்காகவே கொடுக்கலாம்.

மீதி வாடகை எங்கே போகிறது என்பதும் கேட்கத்தக்கதே. மரக்கூரையும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட கட்டடத்தை மலைமழையில் காப்பது தீராத வேலை. சிமெண்டு பூசினால் சுவருக்குள் ஈரம் தங்கிவிடும் என்பதால் சுண்ணாம்புக் காரையே பூச வேண்டியிருக்கிறது. அதைப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள்.

கேள்வி: இரவு உணவுக்குக் கோட்டும் டையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாமே? நான் வேட்டி கட்டுபவன். (மதுரை வாசகர்)

எல்லா இடத்திலும் இல்லை. பெரும்பாலான ஹோட்டல்களில் செருப்பும் அரைக்கால்சட்டையும் தவிர வேறெதற்கும் தடையில்லை. நீங்கள் கேள்விப்பட்டது அனேகமாக நுவரெலியாவின் ஹில் கிளப்பாக இருக்கும். 1876இல் தோட்டத்துரைமாருக்காகத் தொடங்கப்பட்ட அந்தக் கிளப்பில், இன்று வெளியார் தற்காலிக உறுப்பினராகி அறை எடுத்துத் தங்கலாம். ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்ற வழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவலாகக் கொடுப்பதும் உண்டு. ஊரார் எத்தனை பேர் தோளில் ஏறி இறங்கிய கோட்டோ என்று தயங்குபவர்கள் சொந்தமாகக் கொண்டுபோகலாம்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. சென்னையில் ஒரு கிளப்பின் நிகழ்ச்சிக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைத் தடுத்ததையொட்டிப் பெரும் சர்ச்சை எழ, வேட்டி அணிந்தவரைக் கிளப்புகள் தடுக்கக் கூடாது என்று 2014இல் சட்டமன்றமே சட்டம் இயற்றியது. ஆகவே ஊட்டியில் நீங்கள் வேட்டியோடு தாராளமாகச் சாப்பிடலாம். குளிருக்குத் தாங்குமா என்பது உங்கள் பாடு.

கேள்வி: பழைய ஹோட்டல் ஒன்றில் தங்கியபோது இரவெல்லாம் மேலே யாரோ நடப்பது போலச் சத்தம் கேட்டது. பேய் என்கிறாள் மகள். (சேலம் வாசகர்)

மரம்தான். பகலில் வெயிலில் விரிந்த உத்தரமும் பலகைத் தரையும் இரவில் குளிர ஆரம்பித்ததும் சுருங்கும். ஒவ்வொரு பலகையாக இடம் மாறும்போது எழும் சத்தம் காலடி போலவே இருக்கும். தகரக் கூரையாயிருந்தால் குரங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகளின் கட்சியை முற்றிலும் மறுக்க வேண்டாம். இத்தகைய ஹோட்டல்களில் பேய்க்கதை சொல்லாத காவலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் அனுபவத்தில் சத்தத்தைவிடக் கொடியது குளிரும் வெந்நீரும். மலையூர் ஒன்றில், பெயர் வேண்டாம், டிசம்பர் மாதத்தில் தங்கினேன். கூரை பதினைந்தடி உயரம். சமவெளியில் வெப்பக் காற்று மேலே ஏறிப்போக வேண்டும் என்று கண்டுபிடித்த உயரத்தை மலையிலும் அப்படியே கட்டிவைத்திருந்தார்கள். கணப்பில் எரிந்த விறகின் சூடு முழுவதும் மேலே போய் உத்தரத்தை இதமாக வைத்திருந்தது, நான் கீழே நடுங்கிக்கொண்டிருந்தேன். காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்து சேரவே கால் மணி நேரம் ஆயிற்று, ஒரு வாளி நிறைவதற்குள் தீர்ந்தும் போயிற்று. குழாய்கள் எல்லாம் கட்டடத்துக்குப் பல ஆண்டுகள் பிந்திச் சுவரோரமாகப் போட்டவை. கொதிகலன் மறுகோடியில் இருந்தது. அதற்குப் பிறகு, அறையிலேயே கீசர் இருக்கிறதா, படுக்கைக்கு வெந்நீர்ப் பை தருவார்களா என்று கேட்காமல் நான் மலையூர்களில் அறை எடுப்பதில்லை.

கேள்வி: தங்க வசதியில்லை. உள்ளே போய்ப் பார்க்கவாவது முடியுமா? (நாகர்கோவில் வாசகி)

தாராளமாக. மாலைத் தேநீருக்குப் போங்கள். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் மேசை ஒதுக்கிவைப்பார்கள். கொழும்பில் 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டலின் கடலோர முற்றம், சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தளம், அதற்கென்றே வருபவர்களால் மாலையில் நிறைந்துவிடும். சூரியன் மறையும் நேரத்தில் பைப் வாத்தியம் முழங்கக் கொடி இறக்குவார்கள். மதிய உணவுக்குப் போகிறவர்கள் மல்லிகட்டானி சூப்பைக் குடித்துப் பாருங்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நம் மிளகுத்தண்ணீர்தான் கோட்டு போட்டு வந்திருக்கிறது.

கேள்வி: என் தாத்தா நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீலகிரிக்கு வந்தோம். துரைமார் வாழ்ந்த வீட்டில் காசு கொடுத்துத் தங்க ஆசையும் இருக்கிறது, ஏதோ உறுத்தலும் இருக்கிறது. (கோத்தகிரி வாசகர்)

மற்ற எல்லோருக்கும் அந்த ஹோட்டல் ஒரு வேடிக்கை. உங்களுக்கு அது குடும்ப வரலாறு. உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இலைநோய் வந்து காபி அழிந்ததும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தராவில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த மலைகளை மூடிக்கொண்டதும் எல்லா ஹோட்டல் கையேட்டிலும் இருக்கும். மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டது கையேட்டில் இருப்பதில்லை. 1885இல் நானுஓயா வரை வந்துசேர்ந்த ரயில்பாதைதான் விருந்தினரை அந்த மலைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் குடித்த தேநீர், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் கிள்ளிய கொழுந்து. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தாம் இன்றைய டான்டீ என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போய்த் தங்குங்கள் என்பதே என் பதில். தங்கும்போது கட்டடத்தை முன்பக்கத்திலிருந்து மட்டும் பார்க்காதீர்கள். மேலே சொன்ன அந்தக் குளிர்ந்த ஹோட்டலில், என் குளியலறைக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று படுக்கையறையிலிருந்து, மற்றது பின்புறம் வெளியே திறப்பது, பல முறை பூசிய வெள்ளைச் சாயத்தில் தாழ்ப்பாளே ஒட்டிப்போயிருந்தது. குழாய் வராத காலத்தில், தகரத்தில் வெந்நீர் சுமந்துவருபவரும் மலம் அள்ளிச் செல்பவரும் துரையின் கண்ணில் படாமல் வந்துபோவதற்காக வைத்த கதவு அது. பழைய பங்களாக்கள் பலவற்றில் இன்றும் அதைக் காணலாம். அதன் வழியே பின்னால் இறங்கிப் போனால், சமையலறை தனிக் கட்டடமாகவும், அதற்கும் பின்னே வேலையாட்களின் சிறிய அறைகள் வரிசையாகவும் இருக்கும். அவை இப்போது பெரும்பாலும் துணி துவைக்கும் இடமாகவோ, சாமான் அறையாகவோ மாறியிருக்கும். சுற்றிக்காட்டும் ஊழியரிடம் அந்தப் பக்கத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்கினாலும் காட்டுவார்கள்.

மொழிக்கும் கவலை வேண்டாம். நுவரெலியா மாவட்டத்தில் எண்ணிக்கையில் முதலில் நிற்பவர்கள் மலையகத் தமிழர்கள்தாம். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று தாத்தா சொல்லியிருந்தால் அந்தப் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தேநீர் கொண்டுவருபவரிடம் காட்டினால், எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடக்கூடும்.