நியூ ஆர்லியன்ஸ் அருகே எந்தத் தோட்ட மாளிகைக்குப் போகலாம்?

வணக்கம். அரை நாள்தான் இருக்கிறது, ஒன்பது வயது மகளும் உடன் வருகிறாள், அடிமைகளை வைத்துக் கரும்பு பயிரிட்ட பழைய பண்ணைகளில் ஓக் ஆலிக்குப் போவதா விட்னிக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் விட்னி என்பேன்.

ஓக் ஆலி அழகுதான். 28 ஓக் மரங்கள் இரு வரிசையாக நின்று மாளிகைவரை பந்தல் போட்டிருக்கும். அங்கே போனால் ஆண்ட்வானைப் பற்றிக் கட்டாயம் மகளிடம் சொல்லுங்கள். அடிமையாக இருந்த தோட்டக்காரர். 1840களில் பீக்கன் என்னும் கொட்டை மரத்தை ஒட்டுக் கட்டி நல்ல ரகத்தை உருவாக்கியவர் அவர்தான்.

ஆனால் 2014இல் திறந்த விட்னியில், கதையே அடிமைகளின் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. நான் போனபோது நுழைவிலேயே ஓர் அட்டை கொடுத்தார்கள். சிறுவயதில் அடிமையாக இருந்து, 1930களில் முதியவராகப் பேட்டி கொடுத்த ஒருவரின் சொற்கள் அதில் இருந்தன. அப்புறம் பழைய மரத் தேவாலயத்துக்குள் நுழைந்தால், குழந்தைகளின் களிமண் சிலைகள் நம்மைப் பார்த்து நிற்கின்றன. என்னால் சட்டென்று வெளியே வர முடியவில்லை. கரும்புச்சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரைகளையும் காட்டுங்கள். இரவுபகலாக அந்தக் கொதிப்பின் பக்கத்தில் நின்றவர்களை நினைத்தால் மாளிகையின் வெள்ளைத் தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

ஒரு எச்சரிக்கை: 1811இல் அடிமைகள் நடத்திய கிளர்ச்சியின் நினைவாகக் கம்பிகளில் செருகிய தலைச் சிற்பங்கள் ஓரமாக இருக்கின்றன. முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு, மகளை அழைப்பதா என்று முடிவு செய்யுங்கள். பெரும்பகுதி திறந்தவெளி. கோடை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், தொப்பியும் தண்ணீரும் அவசியம்.