மாட்டு உண்ணியால் மனிதர்களுக்கு நோய் வருமா? கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் ஜெர்சி மாட்டுக்கு அனாபிளாஸ்மா என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பால் கொடுக்கலாமா?

பதில்: பயப்படாதீர்கள். உண்ணி வழியாகப் பரவி மாட்டுக்குச் சோகையும் மஞ்சள் காமாலையும் கொண்டுவரும் இந்தக் கிருமி (அனாபிளாஸ்மா மார்ஜினேல்) மனிதர்களைத் தொற்றுவதில்லை. ஆனால் இதற்குப் போடும் ஆக்சிடெட்ராசைக்ளின் பாலில் இறங்கும், அதனால் ஊசி போட்டவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைக் குடிக்கவும் வேண்டாம், சொசைட்டிக்கு ஊற்றவும் வேண்டாம். அப்புறமும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் உண்ணியிலிருந்து நமக்கு எதுவும் வராதா சார்?

பதில்: வரும். நாய் உண்ணி கடித்து ரிக்கெட்சியா கிருமி ஏறினால் கடும் காய்ச்சல், தலைவலி, உள்ளங்கை உள்ளங்கால் வரை சிவந்த தடிப்புகள் வரலாம், கடித்த இடத்தில் சில சமயம் கறுத்த பொருக்கு இருக்கும். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கியூ காய்ச்சல். இதை உண்டாக்கும் கிருமி உண்ணியிலும் உண்டு, ஆனால் மனிதர்களுக்குப் பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் வருகிறது. நோய் கண்ட ஆடு குட்டி போடும்போதோ, கரு கலைந்து குட்டி வீசும்போதோ நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் ஏராளமான கிருமி வெளியேறும், அது காய்ந்து தூசியோடு கலந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி 4,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், அதில் பலர் ஆட்டைத் தொட்டதே இல்லை, பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

கேள்வி: எங்கள் பட்டியில் இரண்டு ஆடு குட்டி வீசிவிட்டது. நஞ்சுக்கொடியை எடுத்துப் போட்டது என் மனைவி, ஆறு மாத கர்ப்பம்.

பதில்: தம்பி, இன்றைக்கே அவரை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், குட்டி வீசிய ஆட்டின் நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கியூ காய்ச்சல், புருசெல்லா (ஆடு மாட்டில் கருவைக் கலைக்கும் இன்னொரு கிருமி) இரண்டையும் அவர்கள் யோசிக்க வேண்டும், கர்ப்பத்துக்கு இரண்டுமே ஆபத்து. இனி அவர் பட்டிப் பக்கம் போகவே வேண்டாம். கால்நடை மருந்தகத்தில் சொல்லி ஆடுகளுக்கு மாதிரி எடுக்க வையுங்கள். மிச்சம் கிடப்பதை நாய் இழுக்காதபடி ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். பட்டியைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே கூட்டுங்கள்.

கேள்வி: உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்கித்தான் எங்களுக்குப் பழக்கம்.

பதில்: விட்டுவிடுங்கள். உள்ளிருக்கும் ரத்தம் நகக்கண் கீறலில் பட்டால் கிருமியும் சேர்ந்து போகும். ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். நம் தோலில் கடித்திருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும், தீக்குச்சி வைக்கக் கூடாது.

கேள்வி: மருந்து தெளித்தும் திரும்பத் திரும்ப வருகிறதே?

பதில்: ரத்தம் குடித்து உப்பிய பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் 2,000 முட்டைக்கு மேல் இடும். மாட்டுக்கு மட்டும் தெளித்தால் எப்படிப் போகும்? வெடிப்பைப் பூசுங்கள், கொட்டகைக்கும் மருந்தடியுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மட்டும் மாட்டின் மேல் ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் மாட்டு உண்ணியால்தானா?

பதில்: இல்லை, அது புதரிலிருந்து ஏறும் கண்ணுக்குத் தெரியாத மைட் என்ற சிற்றுயிரின் குஞ்சு கடிப்பதால் வருவது.

கேள்வி: காய்ச்சல் வந்தால் என்ன செய்ய?

பதில்: மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆடு மாடு வைத்திருக்கிறேன், உண்ணி கடித்தது, போன மாதம் ஆடு குட்டி வீசியது என்று கேட்காமலே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தக் காய்ச்சல்களுக்கு டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும், சீக்கிரம் தொடங்க வேண்டும். இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கியூ காய்ச்சல் அங்கே போய்த் தங்கிவிடும்.