பகலில் நனையும் கூண்டு இரவில் ஏன் நனைவதில்லை?

கேள்வி: ஐந்து வாரத்துக்கு முன்பு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாட்டு நாயைத் தத்தெடுத்தோம். பெயர் பொன்னி. 18 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. சென்னையில் மூன்றாவது மாடி வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை 9 முதல் மதியம் 1.30 வரை 42 அங்குலக் கூண்டில் விடுகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா 1.30-க்கு வந்து வெளியே கூட்டிப்போவார். பிறகு மாலை 6 வரை மறுபடி கூண்டு. இரண்டு வேளையும் கூண்டு சிறுநீரில் நனைந்து கிடக்கிறது. இரவில் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே கூண்டில் ஏழு மணி நேரம் தூங்குகிறாள். ஒரு சொட்டு கிடையாது. காலையில் 40 நிமிடம் வாக்கிங் போனாலும் வெளியே சிறுநீர் போகமாட்டாள். வீட்டுக்குள் வந்த ஐந்தாவது நிமிடம் ஹாலில் போய்விடுவாள். அபூர்வமாக வெளியே போனால், காரியம் முடிந்தது என்று உடனே திரும்பிவிடுவோம். திட்டிப் பார்த்தோம், இப்போது சோபாவுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டு வருகிறாள். தினமும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறோம். சிறிய கூண்டாக வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். இரவில் ஏழு மணி நேரம் காய்ந்து கிடக்கும் கூண்டு பகலில் நாலரை மணி நேரத்துக்குள் நனைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. தூங்கும்போது நாய் நீர் குடிப்பதில்லை, சிறுநீர் ஊறுவதும் குறையும் என்பது உண்மை. ஆனாலும் ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்குப் பகலில் நாலு மணி நேரம் அடக்குவது பெரிய வேலையில்லை. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக்கூடாது என்ற இயல்பும் பொன்னியிடம் கெடாமல் இருப்பதை இரவுகள் காட்டுகின்றன. அப்படியானால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம், பக்கத்தில் நீங்கள் இல்லை என்பதுதான். கூண்டில் நடப்பது பெரும்பாலும் தனிமைப் பதற்றம். ஹாலில் நடப்பது வேறு கதை. அது பழக்கத்தால் வருவது. இரண்டையும் ஒரே பிரச்சினை என்று நினைத்து ஒரே மருந்து போட்டால் இரண்டுமே முற்றும்.

பொதுவாகச் சிறிய கூண்டு என்ற யோசனைக்கு ஓர் அடிப்படை உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து 10 செ.மீ. கூட்டினால் கிடைப்பதே கூண்டின் சரியான நீளம். 18 கிலோ நாட்டு நாய்க்கு அது சுமார் 80 செ.மீ. வரும். 42 அங்குலம் என்பது 107 செ.மீ. இடம் மிஞ்சினால் சில நாய்கள் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிட்டு மறுகோடியில் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நாய்க்குக் கம்பிக் கூண்டோடு வரும் தடுப்புத் தட்டியைச் செருகினாலே போதும். ஆனால் பயத்தில் சிறுநீர் கழிக்கும் நாயை இன்னும் நெருக்கி அடைத்தால் அது சிறுநீரிலேயே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் பலன்.

முதலில் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய செல்போன் ஒன்றை கூண்டு முழுவதும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு, வழக்கம்போலக் கதவைப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள். நீங்கள் போன முதல் பத்து, இருபது நிமிடத்துக்குள் மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கம்பியைப் பிறாண்டுதல், ஊளை, அதோடு சிறுநீர் என்று இருந்தால் அது பதற்றம். கூண்டுத் தட்டில் இருக்கும் ஈரத்தில் கொழகொழப்பு இருந்தாலும் கவனியுங்கள். பாதி எச்சிலாக இருக்கலாம். அரை மணியில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு நாள் முழுக் காலையையும் பதிவு செய்யுங்கள். மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, சுற்றி வந்து, ஒரு மூலையில் போய்விட்டு உலர்ந்த பக்கம் திரும்பிப் படுத்தால் கூண்டு பெரிது அல்லது நேரம் அதிகம் என்று பொருள். தூக்கத்திலேயே, அவளுக்கே தெரியாமல் அடிவயிற்று ரோமம் நனைந்தால் அது மூன்றாவது வகை. கருத்தடை செய்த பெண் நாய்கள் சிலவற்றுக்குச் சிறுநீர்த் துவாரத்தை இறுக்கும் தசை தளர்ந்து இப்படி ஆகும், மாத்திரையில் கட்டுப்படும். இரவில் காய்ந்திருப்பதால் பொன்னிக்கு அந்த வாய்ப்பு குறைவு.

குறைவு என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது. காலையின் முதல் சிறுநீரை, அவள் உட்காரும்போது ஒரு சுத்தமான குழிக்கரண்டியை நீட்டிப் பிடித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் மூடி போட்ட டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைத்து அன்று காலையே சேர்த்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கூடவே ஒரு நாள் குடிநீரையும் அளந்து வையுங்கள். 18 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரை ஒட்டி இருப்பது சாதாரணம். கிலோவுக்கு 100 மி.லி., அதாவது 1.8 லிட்டர் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொறி, அரிப்புக்குக் காப்பகத்தில் ஸ்டீராய்டு ஏதும் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். பிரெட்னிசலோன் சாப்பிடும் நாய் குடம் குடமாய்க் குடிக்கும், அதற்கேற்ப போகும். அந்த நாட்களில் எந்தப் பயிற்சியும் ஒட்டாது. என்ன காரணமானாலும் நீரைக் குறைத்துக் கொடுக்காதீர்கள், சென்னை வெயிலில் குறிப்பாக.

வீடியோவில் பதற்றம் தெரிந்தால் பகல் கூண்டை அன்றோடு நிறுத்துங்கள். கம்பியைக் கடித்துப் பல் உடைவதும் நகம் பிய்வதும் இந்த வகை நாய்களிடம் சாதாரணமாகப் பார்ப்பவை. கூண்டுக்குப் பதில், ஒரு சின்ன அறையின் வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவை மாட்டி, மின்விசிறி, தண்ணீர், நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்று ஆகியவற்றோடு விட்டுப் பாருங்கள். அடைப்பு மட்டும்தான் பயம் என்றால் இதிலேயே பாதி சரியாகும். அங்கேயும் அலறினால் பயம் தனிமையைப் பற்றியது. பயிற்சிக் காலத்தில் அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்: கணவனும் மனைவியும் மாறி மாறி வீட்டிலிருந்து வேலை, பக்கத்து வீட்டுப் பாட்டி, பகல் நேரம் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடம், எது தோதோ அது. செலவும் சிரமமும்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை, வேளைக்கு நாலரை மணி நேரம் பயந்துகொண்டிருக்கும் நாய்க்குச் சாயங்காலம் பத்து நிமிடம் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

பயிற்சி என்பது பதற்றம் தொடங்கும் முன்பே திரும்பி வருவது. வாசல் கதவைத் திறந்து மூடுங்கள், வெளியே போகவேண்டாம். அது பழகியபின் 5 நொடி வெளியே நின்று உள்ளே வாருங்கள். 10, 20, 8, 30 என்று ஏற்றி இறக்கி, ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் போகாமல் செய்யுங்கள். எப்போதும் கூடிக்கொண்டே போனால் நாய் அதையும் கண்டுபிடித்துவிடும். உள்ளே மூச்சிரைப்பு கேட்டால் நேரம் அதிகமாகிவிட்டது. மறுநாள் பாதியிலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரத்தைத் தொடவே பல வாரங்கள் ஆகலாம். பதற்றம் கடுமையாக இருந்தால் ஃப்ளூவாக்ஸெடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளை மருத்துவர் எழுதித் தருவார். முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி வைத்த தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

இனி ஹால்.

காப்பகத்தில் பொன்னி எங்கே போய்க்கொண்டிருந்தாள்? பெரும்பாலும் சிமெண்ட் தரையில். நாய்க்குக் கழிப்பிடம் என்பது காலுக்கடியில் எது படுகிறது என்பதைப் பொறுத்தது. குட்டியிலிருந்து மண்ணில் போன நாய் மண்ணைத் தேடும், சிமெண்டில் போன நாய் வழவழப்பான கெட்டித் தரையைத் தேடும். உங்கள் ஹால் டைல்ஸ் அவளுக்குப் பழைய காப்பகத் தரையின் அண்ணன் தம்பி. தெருவிலோ புல், ஹாரன், அந்தத் தெருவையே சொந்தமாக வைத்திருக்கும் நாலு நாய்கள். அந்நிய எல்லையில் உட்கார்ந்து சிறுநீர் கழிப்பது நாய் உலகில் வம்பை விலைக்கு வாங்குவது. 40 நிமிடமும் அடக்கிக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் விடுகிறாள்.

ஆகவே இப்போதைக்கு வாக்கிங்கையும் கழிப்பிடத்தையும் பிரித்துவிடுங்கள். உங்கள் கட்டடத்துக்குள்ளேயே, தெருநாய் வராத, தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். கார் நிறுத்தும் இடத்தின் ஓரமோ மொட்டை மாடியோ, சங்கத்தில் சொல்லிவிட்டுத்தான். சிமெண்டாக இருப்பது முதல் பத்து நாளைக்கு நல்லது. ஹாலில் போனதை டிஷ்யூவில் ஒற்றியெடுத்து அந்த மூலையில் ஒரு கல்லுக்கடியில் வையுங்கள், வாசனை வழிகாட்டும். பத்து நாள் அங்கே தவறாமல் போனபின் 90-க்கு 60 செ.மீ. தட்டில் இரண்டு அங்குலம் ஆற்று மணல் பரப்பி அதே இடத்தில் வைத்துப் பழக்கினால் மண்ணுக்கு மாறிவிடுவாள். தட்டை வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ வைத்தால் வீட்டுக்குள் போவதையே பழக்குகிறீர்கள்.

நாளுக்கு ஆறு முறை, இரண்டு வாரம்: காலை எழுந்ததும் (முகம் கழுவுவது அப்புறம்), காலைச் சாப்பாட்டுக்குப் பின் 15 முதல் 30 நிமிடத்துக்குள், மதியம், மாலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்குமுன். ஒன்றரை மீட்டர் கயிற்றில் கூட்டிப்போய், அந்த மூலையில் மரம் மாதிரி நில்லுங்கள். ஏழு நிமிடம். பேச்சு, செல்போன் வேண்டாம். அவள் போகும்போது ஒரு சொல்லை மெல்லச் சொல்லுங்கள். ‘உச்சா’ என்றாலே போதும், ஆனால் வீட்டில் எல்லோரும் அதையே சொல்லவேண்டும். முடித்து எழுந்த இரண்டு நொடிக்குள் வேகவைத்த கோழி ஈரலில் கடலை அளவு ஒரு துண்டு. பாதியில் கொண்டாடினால் நிறுத்திவிட்டு ஓடிவருவாள்; மிச்சம் ஹாலில். வீட்டுக்கு வந்தபின் கொடுத்தால் படியேறியதற்குக் கூலி என்று புரிந்துகொள்வாள்.

வாக்கிங் அதற்குப் பிறகு. நீங்கள் செய்வது நேர் எதிர்: அவள் போனதும் வீடு திரும்புகிறீர்கள். சிறுநீர் கழித்தால் வாக்கிங் முடிந்துவிடும் என்று ஒரு நாய் கற்றுக்கொள்ள நாலைந்து முறை போதும். நிறைய பேர் செய்கிற தவறு இது.

ஏழு நிமிடத்தில் போகவில்லையா? மேலே வாருங்கள், ஆனால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு சமையலைப் பாருங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி கீழே. தரையை மோந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தால் காத்திருக்க வேண்டாம். இந்த இடைவெளியில் பத்து நிமிடம் கூண்டில் வைக்கச் சொல்வது வழக்கம். பொன்னிக்கு இப்போதைக்கு இடுப்புக் கயிறே நல்லது. இரவில் நிம்மதியாகத் தூங்கும் கூண்டை இரவுக்கு மட்டும் விட்டுவையுங்கள்.

திட்டுவதால் நடந்தது சோபாவுக்குப் பின்னால் தெரிகிறது. வீட்டுக்குள் போகக்கூடாது என்று அவளுக்குப் புரியவில்லை, உங்கள் கண்முன்னால் போகக்கூடாது என்றுதான் புரிந்திருக்கிறது. அதனால்தான் கயிற்றின் மறுமுனையில் நீங்கள் நிற்கும்போது வெளியேயும் அடக்குகிறாள். ‘தப்புப் பண்ணிட்டோம்னு அவளுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க’ என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகம் நாய் தவறு செய்ததோடு பொருந்தவில்லை. உரிமையாளர் திட்டியதோடு பொருந்தியது. கையும் களவுமாகப் பார்த்தால் ‘வா, வா’ என்று சாதாரணக் குரலில் கூட்டிக்கொண்டு கீழே போங்கள். பிறகு பார்த்தால் துடைப்பதோடு சரி.

துடைப்பது ஃபினாயிலில் வேண்டாம். அது உங்கள் மூக்கை ஏமாற்றும், அவள் மூக்கை ஏமாற்றாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் உடம்புக்கும் ஆகாது. ப்ளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் கொட்டுவது அதைவிட மோசம், எழும் ஆவி நெஞ்சை அடைக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் சிறுநீரின் வாசனைப் பொருட்களைச் சிதைக்கும். முதலில் பழைய ஃபினாயில் போக வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் என்சைம் வேலை செய்யாது. பிறகு டைல்ஸ் இடுக்கு ஊறும் அளவுக்கு ஊற்றி 15 நிமிடம் விட்டு, ஒற்றியெடுத்துக் காயவிடுங்கள். சோபாவின் பின்கால், கூண்டுத் தட்டின் விளிம்பு இரண்டையும் மறக்காதீர்கள். வினிகர் கலந்த தண்ணீர் டைல்ஸுக்குப் பரவாயில்லை; மார்பிள், மொசைக் என்றால் அரித்துவிடும்.

ஒரு நோட்டில் சாப்பாடு, சிறுநீர், மலம் மூன்றுக்கும் நேரமும் இடமும் குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் அவளுடைய கடிகாரம் தெரிந்துவிடும். ஆறு முறை என்பதை அதற்கேற்ப நகர்த்தலாம். தொடர்ந்து 14 நாள் தவறு நடக்காவிட்டால் கயிறில்லாமல் ஓர் அறை, அடுத்த 14 நாளில் இன்னொன்று. இடையில் ஒரு நாள் சறுக்கினால் ஓர் அறையைக் குறையுங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஹால் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றரை மாதத்துக்குள் அடங்கிவிடும். தனிமைப் பயம் அதைவிட நாளாகும்.

ஐப்பசி மழை தொடங்கும்முன் அந்த மூலைக்கு மேல் ஒரு தார்பாய் கட்டிவிடுங்கள். நனைந்த தரையில் கால் வைக்காத நாய்கள் அதிகம். ஒரு வாரம் அடைமழை பெய்தால் ஹால்தான் மறுபடி ஞாபகத்துக்கு வரும்.