கால் விறைக்குதென்று மூன்றாவது சோடி சொக்ஸ் போடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள். பேஸ்மன்ற் அறையில் வாடகைக்கு இருக்கிறீர்கள். கல்லூரிக்குச் சைக்கிளில் 25 நிமிடம், பின்னேரம் அதே சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. மூன்று சோடி சொக்ஸ் போட்டும் கால் விரல் விறைக்குது, ‘வாட்டர்புரூஃப்’ என்று எழுதிய சப்பாத்து வாங்கியும் உள்ளுக்குத் தண்ணீர் போகுது, 200 டொலர் போட்டு வின்ரர் பூட்ஸ் வாங்கட்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தக் காசில் கால்வாசி போதும். முதல் வேலையாக இரண்டு சோடி சொக்ஸைக் கழற்றுங்கள்.

நடக்கிற காலும் சைக்கிள் ஓடுகிற காலும் ஒன்றல்ல. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பாதம் மடங்கி நிமிரும், விரல்கள் தரையை உந்தும், இரத்தம் ஓடும். பெடலில் பாதம் பலகை மாதிரிக் கிடக்கிறது. வேலை முழுக்கத் தொடைக்குத்தான். போதாததற்கு நீங்கள் ஓடுகிற வேகமே காற்றாகி முகத்திலும் காலிலும் அடிக்கிறது. மைனஸ் 5இல் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடித்தால், கனடாவில் வானிலைக்காரர் சொல்லும் ‘விண்ட் சில்’ (காற்றோடு சேர்த்து உணரும் குளிர்) கணக்கில் அது மைனஸ் 12. மைனஸ் 10 என்றால் மைனஸ் 18. அந்தக் கணக்கு மூடாத தோலுக்கு உரியது, உண்மைதான். ஆனால் நீங்கள் போடும் ஓட்டச் சப்பாத்தின் மேற்பக்கம் வலைத்துணி. காற்றுக்கு அது திறந்த யன்னல்.

சப்பாத்துக்குள் சூட்டைப் பிடித்து வைப்பது நூலல்ல, நூலுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்று. மூன்று சோடியை ஒரு சப்பாத்துக்குள் திணித்தால் அந்தக் காற்று நசுங்கி வெளியே போய்விடும், பாதத்தை நெரித்து இரத்த ஓட்டமும் குறையும். ஆகவே தடித்த மெரினோ கம்பளி சொக்ஸ் ஒரு சோடி. உள்ளே மெல்லிய சொக்ஸ் ஒன்று வேண்டுமானால் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். பருத்தி கூடவே கூடாது; அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூட்டை முழுக்கக் கைவிடாது. போட்டபின் சப்பாத்துக்குள் பத்து விரலையும் ஆட்டிப் பாருங்கள். ஆட முடியாவிட்டால் சப்பாத்து சிறிது. சொக்ஸ் எவ்வளவு நல்லதென்றாலும் பயனில்லை. குளிர்காலச் சப்பாத்து வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். லேஸைக் கணுக்காலில் இறுக்குங்கள், விரல் பக்கம் தளர்வாக விடுங்கள்.

பெரும்பாலானவர்கள் காலை மட்டும் பார்த்துவிட்டு முழங்காலை மறந்துவிடுகிறார்கள். உடம்பு குளிர்ந்தால், நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றக் கை கால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தை அது தானாகவே குறைக்கும். மெல்லிய ஜீன்ஸோடு ஓடினால், விரலுக்கு வந்து சேரும் கொஞ்ச இரத்தமும் தொடையிலும் முழங்காலிலும் ஆறித்தான் வரும். ஜீன்ஸுக்குள் ஒரு தேர்மல் காற்சட்டை, தலைக்குத் தொப்பி, கழுத்துக்கு ஒரு சுற்றுத்துணி. இவை காலுக்கான செலவுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஈ-பைக்குக்கு மாறும் யோசனை இருந்தால் இன்னும் கவனம்: மோட்டார் வேலை செய்கிற அளவுக்கு உங்கள் உடம்பு சூடாகாது.

இனித் தண்ணீர். ரொறன்ரோவில் காலை நனைக்கிற நாள் மைனஸ் 15 நாளல்ல. அன்று பனி மணல் மாதிரி உலர்ந்து கிடக்கும், தட்டினால் போய்விடும். மோசமானது பிளஸ் 2க்கும் மைனஸ் 5க்கும் இடைப்பட்ட நாள். வீதியில் கொட்டிய உப்பு பனியைக் கரைத்துச் சேறாக்கி வைத்திருக்கும். உப்புத் தண்ணீர் 0வில் உறையாது. மைனஸ் 5இலும் தண்ணீராகவே ஓடும். அதாவது உங்கள் சப்பாத்துக்குள் போவது ஐஸ் தண்ணீரைவிடக் குளிரான தண்ணீர். அதற்கு உள்ளே போக மூன்று வழி: முன்சில்லு வாரி அடிப்பது, காற்சட்டை வழியே வழிவது, சிக்னலில் நீங்களே காலை ஊன்றும் குட்டை. சப்பாத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு வருவது குறைவு. வாட்டர்புரூஃப் சப்பாத்து தோற்பது அதனால்தான். வாளி ஒழுகவில்லை, மேலே வாய் திறந்திருக்கிறது.

முன்சில்லுக்கு மருந்து மட்காட் அல்ல, மட்காட்டின் கீழே தொங்கும் தட்டி. கடையில் வரும் மட்காட் பெரும்பாலும் பெடல் உயரத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழிருந்து தெறிப்பதுதான் நேரே உங்கள் விரல்களில் வந்து விழுகிறது. தடித்த பிளாஸ்ரிக் சலவைத் திரவப் போத்தல் ஒன்றை வெட்டுங்கள். சோடாப் போத்தல் சரிவராது, மெல்லியது, குளிரில் வெடிக்கும். பழைய றப்பர் கால்மிதி இருந்தால் இன்னும் நல்லது. மேலே மட்காட்டின் அகலம், கீழே 12 சென்ரிமீற்றர் அகலம் வரும்படி விசிறி வடிவில் வெட்டி, மேல்பக்கம் இரண்டு துளை, மட்காட்டிலும் இரண்டு துளை போட்டு, 5 மில்லிமீற்றர் போல்ட்டும் வாஷரும் வைத்து முடுக்குங்கள். பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி கடுங்குளிரில் நொறுங்கும், அதை நம்ப வேண்டாம். தட்டியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 8 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது மடிந்து சில்லுக்குள் போகும். ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒன்றரை சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பனிச்சேறு அடைத்து உறைந்து சில்லைப் பிடிக்கும்.

அடுத்தது காற்சட்டை. மழைக் காற்சட்டையைப் பூட்ஸுக்குள் சொருகுவது இங்கே வருகிற எல்லாரும் செய்கிற பிழை. வழிகிற தண்ணீர் முழுக்க நேரே சொக்ஸில் இறங்கும். காற்சட்டை எப்போதும் சப்பாத்துக்கு மேலே, வெளியே. வாங்கும்போது கடையில் நின்றுகொண்டு அளவு பார்க்காதீர்கள். கதிரையில் இருந்து, ஒரு முழங்காலை மடித்துப் பாருங்கள். நான்கைந்து விரல் அளவுக்கு மேலே ஏறும். ஏறியபிறகும் கணுக்கால் மூடியிருந்தால்தான் அது உங்கள் அளவு. சங்கிலிப் பக்கக் காலைப் பட்டியால் சுற்றிக் கட்டுங்கள். கீழே ஜீன்ஸின் நுனி ஒரு விரல்கூட வெளியே நீட்டக் கூடாது. பருத்தி, விளக்குத் திரி மாதிரி. நுனி நனைந்தால் ஈரம் முழங்கால்வரை ஏறும், சொக்ஸிலும் இறங்கும்.

சப்பாத்துக்கு மேல் போடும் சைக்கிள் உறை விற்கிறார்கள். நியோபிரீன் (நுரை றப்பர்) உறை சூடு, ஆனால் நீர் குடித்தால் காய நாளாகும். பூச்சுப் பூசிய மெல்லிய உறை காற்றையும் நீரையும் தடுக்கும், சூடு தராது. டெலிவரிக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் இறங்கி நடப்பவர் நீங்கள். அடிப்பக்கம் திறந்த பந்தய உறை ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். முழு அடியுள்ளதாகப் பாருங்கள்.

அதுவரைக்கும் காசில்லாத வழி ஒன்று உண்டு: பாண் வந்த பிளாஸ்ரிக் பை. முதலில் மெல்லிய சொக்ஸ், அதன்மேல் பை, அதன்மேல் தடித்த கம்பளி. சேறும் தோலுக்கு வராது, உங்கள் வியர்வையும் கம்பளிக்குப் போகாது. தடித்த சொக்ஸுக்கு வெளியே பையைப் போட்டால், அரை மணித்தியாலத்துக்குப் பரவாயில்லை. ஒரு ஷிஃப்ட் முழுக்க என்றால் வியர்வையிலேயே நனைந்துவிடும், சப்பாத்துக்குள் கால் வழுக்கவும் செய்யும். வெறுந்தோலில் பை வேண்டாம்.

உங்கள் கணக்கில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. காலையில் கல்லூரிக்குப் போட்ட சொக்ஸோடு பின்னேர ஷிஃப்டுக்குப் போகிறீர்கள். வகுப்பறைச் சூட்டில் ஐந்து மணித்தியாலம் வியர்த்த சொக்ஸ், தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். ஜிப் பையில் காய்ந்த சோடி ஒன்றைக் கொண்டுபோய், புறப்படுமுன் மாற்றுங்கள். இந்தப் பதிலில் இதுதான் மலிவான யோசனை, பலனும் இதற்குத்தான் அதிகம். உணவகத்துக்குள் ஓடர் எடுக்கப் போகும்போது வாசலில் காலைத் தட்டிப் பனியை உதறுங்கள். உள்ளே போனால் அது உருகி உங்கள் லேஸ் வழியாகத்தான் இறங்கும்.

பெடல் இரும்போ அலுமினியமோ என்றால் அது பாதத்தின் சூட்டை உறிஞ்சும். முள் வைத்த நைலோன் பெடல் மலிவுதான். 15 மில்லிமீற்றர் சாவி போதும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், மணிக்கூடு சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். புதியதைப் பூட்டுமுன் மரைக்குக் கிறீஸ் பூசுங்கள், உப்பு அதை இறுக்கிப் பிடித்துவிடும். சப்பாத்தினுள் தொழிற்சாலை வைத்த மெல்லிய உள்ளடியை எடுத்துவிட்டுக் கம்பளி உள்ளடி போடலாம், விரலாட இடம் மிஞ்சினால் மட்டும்.

டொலர் கடையில் விற்கும் ஒட்டும் சூட்டுப் பொதிக்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது சூடு வரும். பையைத் திறந்து பத்து நிமிடம் வெளியே வைத்து, சொக்ஸுக்கு வெளியே, விரல்களுக்கு மேற்பக்கமாக ஒட்டுங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள்ளும் பிளாஸ்ரிக் பைக்குள்ளும் அதற்குக் காற்றில்லை, சூடாகாது. ‘பழுதான சாமான்’ என்று எறிபவர்கள் பலர். தோலில் நேரே ஒட்டினால் சுடும்.

இரவு காயவைப்பது பாதி வேலை. உள்ளடியை வெளியே எடுங்கள், லேஸை முழுக்கத் தளர்த்துங்கள், பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல்நுனிவரை அடையுங்கள். தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் பத்திரிகைகள் இதற்கு அருமை. படித்தபின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் தாளை மாற்றுங்கள். சூடான காற்று வரும் துவாரத்துக்கு அருகில் வைக்கலாம், ஹீற்றர்மேல் வைக்கக் கூடாது. பசை விடும், தோல் வெடிக்கும். பேஸ்மன்றில் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸுக்கும் சுடுநீர்த் தாங்கிக்கும் பக்கத்தில் எதையும் காயப்போடாதீர்கள், அங்கே நெருப்பு இருக்கிறது. வெள்ளை உப்புக் கறைக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, காய்ந்தபின் மெழுகு பூசுங்கள்.

ஓடும்போது விரல் நோகத் தொடங்கினால் இறங்கி இரண்டு நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். நோவு நல்ல செய்தி. நோவு நின்று, உணர்வே இல்லாமல் போனால் உடனே உள்ளே போக வேண்டும். விரல் வெளிறி மெழுகு மாதிரி இருந்தால் தேய்க்காதீர்கள், ஹீற்றரில் காட்டாதீர்கள். உணர்வில்லாத கால் சுடுவதையும் உணராது. 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் வையுங்கள், சூட்டை வேறொருவர் கையால் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் திரும்பாவிட்டாலோ கொப்பளம் போட்டாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். திரும்பவும் குளிருக்குள் போகவேண்டி இருந்தால் பாதியில் இளக்காதீர்கள், இளகித் திரும்ப உறைவது இன்னும் கெடுதல். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. விண்ட் சில் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அன்று ரொறன்ரோ நகரின் ரீரீசீ பஸ்ஸின் முன்பக்கத் தாங்கியில் சைக்கிளை ஏற்றிவிட்டு உள்ளே இருங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு கிழமை ஓடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பூட்ஸ் வேண்டுமென்றால், உள்ளிருக்கும் கம்பளி உறையைத் தனியே கழற்றிக் காயவைக்கக்கூடியதாக வாங்குங்கள். பெட்டியில் ‘மைனஸ் 30’ என்று எழுதியிருப்பது நடப்பவருக்கான கணக்கு, அதுவும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பாட்டில் எழுதுவது. சைக்கிளுக்கு அதை நம்ப வேண்டாம். அடி மிகவும் தடித்தால் சீற் உயரம் மாறும், பெடலில் பிடிப்பும் தெரியாது. அளவு பார்க்கப் பின்னேரம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம். அந்தத் தடித்த சொக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் தரும் மெல்லிய சொக்ஸோடு போட்டுப் பார்த்தால் திரும்பவும் ஒரு அளவு சிறிதாகத்தான் வாங்கி வருவீர்கள்.