அப்பாவின் பழைய பம்ப் துப்பாக்கிக்கு என்ன விலை வைப்பது?

கேள்வி: என் அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். மரவள்ளிக் கொல்லைக்கு வரும் காட்டுப்பன்றிகளுக்காக லைசன்ஸ் எடுத்து, 12 போர் (குழல் அளவு) வின்செஸ்டர் மாடல் 12 பம்ப் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன் தவறிவிட்டார். துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது. அமெரிக்க இணையதளத்தில் இதே மாடலுக்கு ஆயிரம் டாலர் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தம்பி பங்கு கேட்கிறான். அம்மா இருக்கிறார், தாத்தா பாட்டி இல்லை, உயிலும் இல்லை. என்ன விலை வைக்கலாம்?

பதில்: சகோதரி, அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். விலையை அப்புறம் பார்ப்போம். முதலில் அலமாரியைப் பூட்டிவிட்டு, இன்றைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். லைசன்ஸ் அப்பா என்ற ஆளுக்குக் கொடுத்தது. வீடு, நிலம் மாதிரி அது பிள்ளைகளுக்கு இறங்காது. லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. 1971இல் வந்த சட்டம் இன்னும் கடுமை: 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. அதனால் தம்பியின் காரில் வைத்து அனுப்பிவிட வேண்டாம். எப்படி ஒப்படைப்பது என்று போலீசாரையே கேளுங்கள். மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் சொல்லிவிடுங்கள். இறப்புச் சான்றிதழும் லைசன்சும் கையில் இருக்கட்டும். ஒப்படைத்ததும் சீரியல் எண் போட்டு ரசீது வாங்குங்கள்.

சரி, விலை. மாடல் 12 வந்தது 1912இல். வழக்கமான உற்பத்தி நின்றது 1964இல். இடையில் சுமார் 20 லட்சம் செய்துவிட்டார்கள். ஆகவே பழசு என்பதற்காக மட்டும் அது அரிய பொருள் ஆகிவிடாது. அமெரிக்காவில் சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது கைபடாத நிலைக்குத்தான். இரும்பின் மேல் பழைய நீலப்பூச்சு அப்படியே இருக்க வேண்டும், குழலை அறுத்திருக்கக் கூடாது, கட்டை மாற்றியிருக்கக் கூடாது, உடலிலும் குழல் பகுதியிலும் ஒரே சீரியல் எண் இருக்க வேண்டும். பளபளப்பாக்க யாராவது மறுபூச்சு அடித்திருந்தால் விலை ஏறாது, இறங்கும். நம் மழைக்கும் ஈரத்துக்கும் துருவேறாமல் இருந்திருந்தால் அப்பா நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம். 28 போர் என்றால் வேறு கதை. 12 போர் அங்கே ஏராளம்.

ஆனால் அந்த ஆயிரம் டாலர், விற்பவர் கேட்கும் விலை. விற்ற விலை என்று நினைக்காதீர்கள். அந்தச் சந்தைக்கு உங்கள் துப்பாக்கி போகவும் முடியாது. இங்கே வாங்குபவருக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சிலரே. கொல்லைக் காவலுக்குத் தேடுகிறவர் நன்றாகச் சுடுகிறதா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார். பழைய பூச்சுக்குக் காசு தர மாட்டார். ஆகவே உங்கள் விலை, லைசன்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரி செலவு போகக் கையில் தரும் தொகை. விற்க அனுமதி கிடைத்தால் இரண்டு பேரிடம் கேளுங்கள். கணக்குக்குக் குறைந்ததை எடுங்கள். அதுவரை சொத்துப் பட்டியலில் பொருளை எழுதி, தொகையைக் காலியாக விடுங்கள்.

பேச்சுக்கு 900 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது என்று வைப்போம். உயில் இல்லாததால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, 300 வெள்ளி. மீதி 600 பிள்ளைகளுக்கு. நீங்கள் இரண்டே பேர் என்றால் ஆளுக்கு 300. இந்தக் கணக்கைத் தம்பியிடம் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். அப்படியே அப்பாவின் ஊழியர் சேமநிதிக் கணக்கில் யாரை வாரிசாக எழுதியிருக்கிறார் என்று இருவரும் சேர்ந்து போய் விசாரியுங்கள். அதை இந்த வாரமே செய்யலாம்.