தேறாத பாக்கி

கேள்வி: என் மகன் திருமணத்துக்குச் சித்தப்பா 1,001 ரூபாய் மொய் எழுதினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் மகள் திருமணத்துக்கு நான் எழுதியதும் அதே 1,001. கிறிஸ்து சொன்ன அன்பை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் நம் உறவுகளில் ஒன்றாவது தேறுமா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: தேறுமா என்று கேட்கிறீர்கள். பரீட்சை எழுதிய பையனையும் படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் பற்றி இதே சொல்லால் விசாரிப்பதுண்டு என்றாலும், கொண்டுவிற்று, அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்துப் பழகிய நம் பக்கத்தில் தேறுமா என்ற கேள்வி முதலில் கடனைப் பற்றியதே. ரங்கூன் வட்டிக்கடையிலிருந்து வந்த ஐந்தொகையை (வரவு, பற்று, இருப்புக் கணக்கை) பிரித்ததும் முதலாளிகள் தேடியது, எந்தப் பாக்கி தேறும், எது தேறாது என்பதைத்தான். ஆக, அன்பைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டு வசூலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், பைபிளில் நிருபங்கள் என்னும் கடிதங்களை எழுதிய பவுல் அடிகளாரும் இந்த விஷயத்தில் கணக்குப்பிள்ளையின் மொழியில்தான் பேசியிருக்கிறார்.

கிறிஸ்தவத் திருமணங்களில் வாசிக்கப்படும் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், அன்பு ‘தீங்கு நினையாது’ என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் அங்கிருக்கும் ‘லோகிசோமாய்’ என்ற வினைச்சொல், வணிகரின் கணக்கு வழக்கில் புழங்கியது. தனக்கு நேர்ந்த தீங்கை அன்பு பேரேட்டில் ஏற்றாது என்பது அதன் பொருள். தீங்கை ஏற்றாது என்றுதான் இருக்கிறதே தவிர, பேரேடே கூடாது என்று இல்லை.

என் அப்பத்தாவிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று, இரண்டாங்கட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்த மொய் நோட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாததால் கல்யாணத்துக்குப் புறப்படும் முன் என்னை வாசிக்கச் சொல்வார். ‘51 ரூபாய், ஒரு எவர்சில்வர் தூக்கு’ என்று வாசித்தால், ‘நூத்தியொண்ணு வை, தூக்கோட ஒரு தாம்பாளமும் எடுத்துக்க’ என்பார். வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்வது உறவைக் கணக்குத் தீர்த்து அனுப்புவதற்குச் சமம் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த வகையில் உங்கள் சித்தப்பா மீது அப்பத்தாவும் பிராது கொடுத்திருப்பார்.

இரண்டாவது நோட்டு காகிதத்தில் இல்லை. நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி என்னும் இனிப்பைப் பரிமாறியவர் அப்பத்தாவின் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டார் என்பதே அதிலிருந்த அசல். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது இலையைத் தாண்டியதாக மட்டுமே இருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது, நாத்தனார் கண்ஜாடை காட்டியதால்தான் தாண்டினார்கள் என்று ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோதோ, பந்தியிலிருந்தே தம்மை எழுப்பிவிட்டார்கள் என்றார். வட்டிக்கு வட்டி இந்த வேகத்தில் ஏறியதை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அசலோ, ஒரு கரண்டி கவுனி அரிசி.

முதல் நோட்டைப் பவுலும் மூடவில்லை. பிலேமோன் என்பவரை விட்டுப் பிரிந்துவந்த ஒநேசிமு என்ற அடிமையை அவரிடமே திருப்பி அனுப்பும்போது, அவன் கடன்பட்டது ஏதேனும் இருந்தால் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்று தம் கைப்பட எழுதிக் கொடுக்கிறார்; நம் வழக்கில், என் பற்றில் எழுதிக்கொள்ளும் என்கிறார். (ஒருவர் நம்மிடம் எடுத்துக்கொண்ட தொகைக்கும், அவர் மேல் நாம் வைத்த பாசத்துக்கும் பற்று என்று ஒரே பெயர் வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.) ஆனால் அடுத்த வரியிலேயே, நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருப்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்றும் எழுதுகிறார். சொல்லவேண்டியதில்லை என்று சொல்லியே சொல்லிவிடும் இந்த வித்தை, ‘சீரைப் பற்றி நாங்கள் வாயே திறக்கமாட்டோம்’ என்று சம்பந்தி வீட்டுப் பட்டாலையில் அமர்ந்து தொடங்கும் நம் பெரியவர்களுக்கும் கைவந்ததே.

அழைப்பிதழில் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று அச்சிடுவோரோடு எனக்குப் பழைய பகை உண்டு. இந்தப் பக்கத்திலேயே அதற்காக வசை வாங்கியிருக்கிறேன். அவர்கள் பெருந்தன்மை என்று நினைப்பது, யாருக்கும் கடன்பட்டிருக்க மனமில்லாத வீம்பாகவே எனக்குப் படுகிறது. அன்புகூருகிற கடனைத் தவிர வேறெதிலும் ஒருவருக்கும் கடன்படாதிருங்கள் என்று ரோமருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். அந்த ஒரு கடனை மட்டும் அவர் தீர்க்கச் சொல்லவில்லை.

உங்கள் சித்தப்பாவுக்கு வருகிறேன். ஒன்பது ஆண்டு, 1,001 ரூபாய் என்று பைசா சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது ஆண்டில் அவர் எத்தனை முறை உங்கள் வீட்டுப் படியேறினார், யார் நோயில் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வரவுப் பக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஐந்தொகை கேட்டால் எந்தக் கணக்குப்பிள்ளையும் போட்டுத்தர முடியாது. மீதிப் பக்கத்தை அவரிடமே கேட்டு வெளியிடலாம் என்றால், அவர் நம் சந்தாதாரர் இல்லை. அவர் பெயருக்கு ஓர் ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள். தொகையை எந்த நோட்டில் எழுதுவது என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.